தண்டின் முனையில் ஒரு நட்டு

(கொல்லிமலை செம்மேட்டில், சிறுதானிய மில் நடத்தும் மகளிர் குழுவினரும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘எந்திரப் பராமரிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் ஒரு மணி நேரத்தில் பேசினால் வீட்டுக்குப் போகும்போது யாருக்கும் எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். சுற்றுகிற ஷாஃப்டின் மேல் ஏற்றிய புல்லியையோ இம்பெல்லரையோ பேரிங்கையோ கழன்றுவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதே, அந்த நட்டு.

இதைப் பேசுவதற்குக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். சாமையும் தினையும் பனிவரகும் இந்த மலையின் சோறு. அந்தச் சோறு தட்டிலிருந்து விலகிப் போனதற்கு மரவள்ளிக்குக் கிடைத்த விலை ஒரு காரணம், ரேஷன் அரிசி இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை ஆண்கள் அதிகம் பேசுவதில்லை. சாமையை உரலில் போட்டு உமி போகக் குத்தும் வேலை முழுக்கப் பெண்கள் தோளில் இருந்தது. நெல்லைவிட மிகச் சிறிய மணி, விடாப்பிடியான உமி. காட்டு வேலை முடிந்து வந்து உலக்கையைத் தூக்க வேண்டும். அரிசி வாங்கிப் பொங்குவது சுலபம் என்று ஒரு தாய் முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. 1990களிலிருந்து இங்கே வேலை செய்துவந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதையைக் காப்பதோடு நிற்காமல் உமி நீக்கும் எந்திரத்தையும் மாவு அரைக்கும் எந்திரத்தையும் ஊர்களுக்குக் கொண்டுவந்து மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது இதனால்தான். வயலில் சாமை நிற்க வேண்டுமென்றால் முதலில் உலக்கை ஓய வேண்டும் என்று அவர்கள் சரியாகக் கணித்தார்கள்.

ஆனால் எந்திரம் நின்றுபோனால்? காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மெக்கானிக் மேலே வர வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்ட் கீழே போக வேண்டும். அதற்குள் உலக்கை திரும்பிவிடும். பெரும்பாலும் மோட்டார் எரிந்ததாலோ இரும்பு உடைந்ததாலோ மில் நிற்பதில்லை. ஏதோ ஒன்று தளர்ந்ததால் நிற்கிறது. தளர்வதை மலையிலேயே பிடித்துவிடலாம்.

நம் பாட்டிகள் கேழ்வரகு அரைத்த திருகையில் நட்டு கிடையாது. அடிக்கல்லில் ஒரு முளை, மேல்கல்லில் ஒரு துளை. கல்லின் கனமே அதை இடத்தில் வைத்திருக்கும். செக்கும் அப்படித்தான். மெதுவாகச் சுற்றுவதற்கு எடை போதும். மரையே நமக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். பருத்தியில் கொட்டை நீக்கும் பழைய மர ராட்டையில் இரண்டு உருளைகளை எதிரெதிராகச் சுழற்ற, மரத்திலேயே செதுக்கிய புரிகள் இருந்தன. நாம் மரையைச் சுற்ற வைத்தோம். இரும்பில் வெட்டிப் பிடிக்க வைத்தது ஐரோப்பியத் துப்பாக்கியோடும் கடிகாரத்தோடும் வந்த பழக்கம்.

இப்போது உங்கள் மில்லுக்கு வருவோம். உமி நீக்கும் எந்திரத்தில் இம்பெல்லர் என்று ஒரு சுழலி இருக்கிறது. நடுவில் விழும் சாமையை அது வாரி வெளிச்சுவரில் அடிக்கிறது. அந்த அடியில் உமி உடைகிறது. அதன் விட்டம் 300 மில்லிமீட்டர் என்றும், நிமிடத்துக்கு 2880 சுற்று என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு முனைவு மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் சுற்றும். கணக்குப் போட்டால் இம்பெல்லரின் விளிம்பு நொடிக்கு 45 மீட்டர் போகிறது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். அந்த விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் ஈர உமியும் தவிடும் 10 கிராம் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அந்த 10 கிராம், ஏறக்குறைய 14 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஷாஃப்டை வெளிப்பக்கமாக இழுக்கும். இழுக்கும் திசையோ நொடிக்கு 48 முறை சுற்றிச் சுற்றி வரும். எட்டு மணி நேரம் ஓடினால் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். நட்டு இருக்கும் இடம் இது.

இவ்வளவு ஆட்டத்தில் நட்டு எப்படி நிற்கிறது? ‘இறுக்கமாகத் திருகியிருப்பதால்’ என்று பின்வரிசையில் ஒரு தம்பி சொல்கிறார். சரி, இறுக்கம் என்றால் என்ன? நட்டைத் திருகும்போது ஷாஃப்டின் மரைப்பகுதி மிக மிகக் கொஞ்சம் நீள்கிறது. இரும்பு நீளுமா என்று கேட்காதீர்கள், நீளும். நீண்ட இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுவைதான் இம்பெல்லரை, ஷாஃப்டில் தோள் போல இருக்கும் படியோடு சேர்த்து நெரிக்கிறது. நாமக்கல் லாரியில் மூட்டை ஏற்றிக் கயிறு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கை நிறுத்துவது முடிச்சில்லை, கயிற்றின் விறைப்பு. நட்டும் முடிச்சு மாதிரிதான். விறைப்பு போய்விட்டால் முடிச்சு இருந்து பயனில்லை.

இதிலொரு சங்கடம் இருக்கிறது. ஸ்பேனரில் நீங்கள் போடும் பலத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் விறைப்பாக மாறுகிறது. மீதியை நட்டின் அடிப்பரப்பும் மரையும் உராய்வாகத் தின்றுவிடுகின்றன. துருப்பிடித்த மரையில் கை வலிக்க இறுக்குவீர்கள், உள்ளே விறைப்பு ஏறியிருக்காது. எண்ணெய் தடவிய மரையில் அதே பலம் போட்டால் விறைப்பு கூடிப்போய் மரையே பிய்யலாம். கை வலியை வைத்து இறுக்கத்தை அளக்கக் கூடாது. மரையைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரு சொட்டு எண்ணெயோடு ஏற்றுங்கள். திருகும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் அதைவிட நல்லது. நாலைந்து குழுக்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைக்கலாம்.

அடுத்து, தளர்வது எப்படி என்று பார்ப்போம். கணக்குப்படி நட்டு தளரவே கூடாது. 20 மில்லிமீட்டர் ஷாஃப்டில் 1.5 மில்லிமீட்டர் புரியுள்ள மரை வெட்டினால் அதன் சரிவு ஒன்றரை டிகிரிக்கும் குறைவு. எட்டு டிகிரி சரிவு வரை உராய்வே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பிறகு ஏன் கழல்கிறது? இந்தக் கேள்விக்கு நம்பும்படியான விடை கிடைக்க 1969 வரை ஆனது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், போல்ட்டால் இறுக்கிய இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் அசைக்கும் ஒரு சோதனை எந்திரம் செய்து பார்த்தார். நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் பெரிதாகத் தளராத நட்டு, பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்க ஆரம்பித்ததும் கடகடவென்று தானாகவே சுற்றிக் கழன்றது. ஒரு பரப்பு ஒரு பக்கமாக வழுக்கத் தொடங்கிவிட்டால் மற்ற எந்தப் பக்கத்திலும் அதற்குப் பிடி இருக்காது. அந்தக் கணத்தில் ஒன்றரை டிகிரி சரிவே போதும், நட்டு இறங்கிவிடும்.

ஆகவே நட்டு அடிக்கடி தளர்ந்தால் நட்டைத் திட்டாதீர்கள். இம்பெல்லருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கும் கீயைப் பாருங்கள். சிலர் சாவி என்பார்கள். சுழற்றும் வேலையை ஷாஃப்டிலிருந்து இம்பெல்லருக்குக் கொண்டுபோவது கீதான். கீ தேய்ந்திருந்தால் இம்பெல்லர் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் முன்னும் பின்னும் ஆடும். யுங்கர் சோதனைக்கூடத்தில் கொடுத்த ஆட்டத்தை உங்கள் மில் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்கும். பழைய கீக்கு அடியில் தகரத்தை மடித்துச் சொருகி ஓட்டுவதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் ஓடும். அதற்குள் ஷாஃப்டின் காடியும் அகன்றுவிடும். ஒரு கீயில் முடிய வேண்டிய செலவு ஷாஃப்டில் போய் நிற்கும்.

ஸ்பிரிங் வாஷரைப் பற்றி நான் சொல்லப்போவது சிலருக்குக் கோபம் வரவழைக்கும். அந்த வெட்டுப்பட்ட வளையம் நட்டைக் கழலாமல் பிடித்துக்கொள்ளும் என்று பரம்பரையாக நம்பி வந்திருக்கிறோம். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 1990இல் வெளியிட்ட போல்ட்டு–நட்டு வடிவமைப்புக் கையேடு இதை மறுக்கிறது. முழுதாக இறுக்கியதும் ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அது சாதாரண வாஷர்தான், பூட்டும் சக்தி அதற்கு இல்லை என்கிறது. தகரப் பெட்டியில் போடுங்கள், ஜன்னல் கம்பியில் போடுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. இம்பெல்லர் நட்டுக்கு அதை நம்பி நிற்காதீர்கள்.

எதை நம்பலாம்? ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நட்டு போடும் செக் நட்டு நல்ல ஏற்பாடு, சரியாகப் போட்டால். கனமான நட்டை முதலில் போட்டு அதன்மேல் மெல்லிய நட்டை வைப்பதுதான் எங்கும் வழக்கம். தலைகீழ். மெல்லியது முதலில் ஏற வேண்டும். கனமானது மேலே வந்து, கீழ் நட்டை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு இறுக்கும்போது சுமை முழுவதும் மேல் நட்டுக்கு மாறுகிறது. சுமையைத் தாங்குவதற்குக் கனமானதுதான் வேண்டும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு நல்லதுதான். ஆனால் பலமுறை கழற்றி மாட்டினால் நைலான் தேய்ந்து பிடி போய்விடும், 120 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்துக்கு ஆகாது. லாக்டைட் போன்ற பசைகள் காற்று படாத மரைக்குள் போனதும் இறுகுபவை. எண்ணெய் சுத்தமாகத் துடைத்திருந்தால்தான் வேலை செய்யும். மாவு மில்லில் எண்ணெயில்லாத மரையைத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை!

இனி மரையின் திசை. டேபிள் ஃபேன் இறக்கையைக் கழற்றியிருக்கிறீர்களா? முன்னால் இருக்கும் மூடியை மற்ற மூடிகளைப் போல இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். அது இடது மரை. முன்னாலிருந்து பார்த்தால் ஃபேன் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. சுவிட்சைப் போட்டதும் இறக்கை வேகமெடுக்கும்போது, நட்டு தன் எடையால் ஒரு கணம் பின்தங்கப் பார்க்கும். பின்தங்குவது இறுகும் திசையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இடது மரை வெட்டியிருக்கிறார்கள். நட்டு இருக்கும் முனைக்கு எதிரே நில்லுங்கள். ஷாஃப்ட் கடிகார முள்ளின் திசையில் சுற்றினால் இடது மரை. எதிர்த்திசையில் சுற்றினால் வழக்கமான வலது மரை. பட்டறையில் சாணைக்கல் எந்திரத்தைப் பாருங்கள், ஒரே ஷாஃப்ட், இரண்டு முனை, இரண்டு திசை மரை. அது தெரியாமல் இடது பக்க நட்டை நீளமான குழாய் மாட்டி இழுத்து ஷாஃப்டையே முறித்தவர்கள் உண்டு.

சைக்கிள் பெடல் மட்டும் இந்த விதிக்குள் வராது. இடது பெடலுக்கு இடது மரை இருப்பது பேரிங் இழுப்பதால் என்று நினைப்போம். பேரிங்கின் இழுப்பு உண்மையில் அதைக் கழற்றத்தான் பார்க்கிறது. ஆனால் நம் காலின் பாரம் பெடல் அச்சை அதன் துளைக்குள் ஒரு பக்கமாக அழுத்துகிறது; மிதிக்க மிதிக்க அந்த அழுத்தம் துளையைச் சுற்றி உருண்டுவருகிறது. அப்படி உருளும்போது அச்சு எதிர்த்திசையில் மெல்லத் திரும்பும். பேரிங்கின் இழுப்பைவிட இந்தத் திருகல் பலமானது. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், தங்கள் சைக்கிளில் பெடல் கழலாது என்று சொல்லி விற்றது இந்த ஏற்பாட்டை வைத்துத்தான்.

உங்கள் மில்லில் இந்தத் திசை விஷயம் எப்போது ஆபத்தாகிறது? மழைக்காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, பிறகு லைன் சரிசெய்த அன்று. மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டு இடம் மாறிவிட்டால் வீட்டு விளக்குகள் ஒழுங்காகவே எரியும். மில் மோட்டார் மட்டும் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், உமி சரியாகப் போகாது, அவ்வளவுதான் அடையாளம். சாமையின் ஈரம்தான் காரணம் என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டுவோம். இதற்குள் இறுகும் திசையில் வெட்டிய மரை, கழலும் திசையாக மாறியிருக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக்கொண்டிருப்பது நாம்தான். ஒரு நாள் நட்டு உள்ளே விழும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விளிம்பு அதை அடித்து எங்கே அனுப்பும் என்று சொல்ல முடியாது.

அதனால் லைன் வேலை நடந்த நாளில், தானியம் போடுவதற்கு முன் மோட்டாரை ஒரு நொடி தட்டி நிறுத்திப் புல்லி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். பெல்ட்டு மூடியின் மேல் சிவப்புப் பெயிண்ட்டில் அம்புக்குறி ஒன்று போட்டு வையுங்கள். மாறியிருந்தால் வயர்மேனைக் கூப்பிட்டு இரண்டு கம்பிகளை மாற்றச் சொன்னால் முடிந்தது. பேஸ் வரிசை மாறினால் மோட்டாரை ஓடவிடாத ரிலே கிடைக்கிறது; மூன்று பேஸ் மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவும் அதைப் பொருத்த வேண்டும் என்பேன். ஒற்றை பேஸ் மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லை.

நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருக்கும் தம்பிகள் ஒன்று கேட்பார்கள்: பழைய லாரிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரத்து நட்டுகளுக்கு இடது மரை இருந்ததே, இப்போது வரும் வண்டிகளில் இரண்டு பக்கமும் வலது மரைதானே? ஆமாம். சரியான விறைப்பு இருந்தால் மரையின் திசை இரண்டாம்பட்சம் என்று தெரிந்துவிட்டதால் விட்டுவிட்டார்கள். இம்பெல்லரில் அதை விட முடியாது. நடு ஷாஃப்டில் ஒற்றை நட்டு, ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது. சுற்றிலும் எட்டு நட்டு போட இடமில்லை.

லாரியின் முன்சக்கரத்தில் இன்னொரு நட்டு இருக்கிறது. தலையில் கோட்டைச் சுவர் போல வெட்டு வெட்டாக இருக்கும், காட்டர் பின் குத்தியிருக்கும். அதை முழு விறைப்பில் இறுக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் கொஞ்சம் பின்னால் தளர்த்தி, பின்னுக்கு வழி கிடைக்கும் வெட்டில் நிறுத்த வேண்டும். அந்த நட்டின் வேலை நெரிப்பது இல்லை, இடைவெளியை வைத்திருப்பது. 70 வளைவு இறங்கும் வண்டியில் அதை மிதமிஞ்சி இறுக்கினால் ஹப் கொதிக்கும். உங்கள் இம்பெல்லர் நட்டிலும் காட்டர் பின் இருந்தால், அதற்கு நேர் எதிர்: துளை வெட்டுக்கு நேர் வரவில்லை என்றால் தளர்த்தி நேராக்காதீர்கள், முன்னால் அடுத்த வெட்டு வரை இறுக்குங்கள். காட்டர் பின்னை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. மடித்த கம்பியை நிமிர்த்தி மறுபடி மடித்தால் அது உடைந்துபோகத் தயாராக இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வகை நட்டு, பேரிங்கைத் தாங்கும் பிளம்மர் பிளாக்குக்குள் ஒளிந்திருக்கிறது. நீண்ட ஷாஃப்டில் பேரிங்கைப் பிடித்து வைக்க, வெட்டுப்பட்ட ஒரு கூம்புக் குழலும் வட்ட நட்டும் இருக்கும். ‘சி’ ஸ்பேனர் போடும் நட்டு. குழலின் சரிவு 12க்கு 1. நட்டின் புரி 1.5 மில்லிமீட்டர் என்றால், கால் சுற்றுக்கு 0.375 மில்லிமீட்டர் நகரும். பேரிங்கின் உள்வளையம் ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் விரிய வேண்டியிருக்கும். தலைமுடியின் பருமனில் பாதி. குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். கையால் இறுக்கி நின்ற இடத்திலிருந்து கால் சுற்று, அதற்குள் நிறுத்திக் கையால் ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்ற வேண்டும். அரைச் சுற்று போனால் பேரிங் சூடாகும். ‘கிரீஸ் போதவில்லை’ என்று கிரீஸை அள்ளித் திணிப்போம், இன்னும் சூடாகும். நட்டுக்குப் பின்னால் நாக்குகள் வைத்த வாஷர் ஒன்று இருக்கும். உள் நாக்கு குழலின் வெட்டில் உட்கார்ந்திருக்கும், வெளி நாக்குகளில் ஒன்றை நட்டின் வெட்டுக்குள் மடிக்க வேண்டும். மடிக்க மறந்த நாக்கு எத்தனை இருந்தாலும் பயனில்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மில்லிலும் ஒரு டப்பாவில் பழைய நட்டுகள் கிடக்கும். நம் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் போட்டது 1956இல். அதற்கு முன்பிருந்த அங்குல மரை, இங்கிலாந்தில் 1841இல் ஜோசப் விட்வொர்த் ஒழுங்குபடுத்தியது, இன்னும் பழைய எந்திரங்களில் உயிரோடு இருக்கிறது. அதன் பல் 55 டிகிரி, மெட்ரிக் பல் 60 டிகிரி. அரை அங்குல நட்டு 12 மில்லிமீட்டர் போல்ட்டில் இரண்டு மூன்று சுற்று தொளதொளவென்று ஏறிச் சிக்கும். ஸ்பேனர் போட்டு அதற்கு மேல் ஏற்றினால் இரண்டு மரையும் நாசம். டப்பாவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மரை கேஜ் ஒன்று வாங்கினால் சந்தேகமே வராது.

நட்டை இறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து ஷாஃப்ட் வரை ஒரே கோடாகப் பெயிண்ட் பூசுங்கள். தினமும் காலையில் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. அன்றைக்கு ஓட்டாதீர்கள்; கீயையும் இம்பெல்லரில் ஒட்டியிருக்கும் தவிட்டையும் முதலில் பாருங்கள்.

பேச்சு போதும். கீழே மேசையில் ஒரு பழைய இம்பெல்லரும் ஷாஃப்டும் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இடது மரையா வலது மரையா என்று நான் சொல்லப்போவதில்லை. ஷாஃப்ட் சுற்றும் திசையை மட்டும் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். ஸ்பேனர் இரண்டு இருக்கின்றன. தம்பிகள் கொஞ்சம் பொறுங்கள், மில் நடத்தும் தாய்மார்கள் முதலில் வரட்டும்.